ஈரக் கைகள்

ஒரு டவுன்ல ஒரு டீச்சர் இருந்தாங்கடி செல்லம். ஞானசெல்வம் டீச்சர்னு பேரு. பாடமும் எடுப்பாங்க, முனிசிபாலிட்டியில கவுன்சிலராவும் இருந்தாங்க. அந்தச் சபையில அவங்க ஒருத்தங்கதான் பொம்பளை. ம் கொட்டு, அப்பதான் சொல்லுவேன்.

அவங்க வார்டுல குழாய் கிடையாது. பொம்பளைப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்தை விட்டுட்டுப் பழைய கல்குவாரிக்குப் போய்த் தண்ணி மொண்டு வரணும். வழுக்குப் பாறை. வருஷா வருஷம் ஒரு பிள்ளை தொபுக்குனு விழும். அப்புறம் வராது. அந்த வருஷம் டீச்சர் வகுப்புல இருந்து சொர்ணம்னு ஒரு பிள்ளை அப்படிப் போயிட்டா.

அப்போ டீச்சர் சபையில எந்திரிச்சு, "குழாய் போடுங்க, குவாரிக்கு வேலி கட்டுங்க"ன்னாங்க. சேர்மன் சிரிச்சாரு. "சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க." டீச்சர் கை மட்டும் நின்னுச்சு. அப்போ மேஜைக்கு அடியில சொட்... சொட்... மழையா? வெளியில சுள்ளுனு வெயில்!

அப்புறம் அடுத்த கூட்டத்துலயும் கேட்டாங்க. "பிள்ளைங்களுக்கு அ, ஆ சொல்லிக் குடுங்க டீச்சர், அது போதும்"னாரு சேர்மன். வெக்கங்கெட்ட மனுஷன்! அப்பவும் அவங்க கை மட்டும்தான். ஆனா தரையெல்லாம் சளக் சளக்குனு ஈரம். சின்னச் சின்னக் காலடி.

ம்? முழிச்சிருக்கியா? போர்வையை இழுத்துக்கோ.

மூணாவது கூட்டத்தோட டீச்சரோட கவுன்சிலர் பதவி முடியுது. இதை விட்டா வேற வழியில்ல. "கடைசியாக் கேக்குறேன்யா"ன்னாங்க. சேர்மன் கொட்டாவி விட்டுக்கிட்டே, "கை தூக்குங்க"ன்னாரு. அப்போ ஒருத்தர் மணிக்கட்டைச் சில்லுனு சின்ன விரலுங்க பிடிச்சு, மேல தூக்குச்சு. அப்புறம் பக்கத்துல இருந்தவர் கை. அப்புறம் வரிசையா எல்லார் கையும், சேர்மன் கையும்! ஆளைக் காணோம், விரல் மட்டும் அழுத்துது. முழங்கை வழியாப் பாசித் தண்ணி ஒழுகுது. "நி... நிறைவேறிருச்சு!"ன்னு அலறுனாரு சேர்மன். கை இறங்கலையே!

டீச்சருக்குப் புரிஞ்சுபோச்சு. "போதும்டி தங்கங்களா, விடுங்க"ன்னாங்க. கையெல்லாம் பொத்துனு விழுந்துச்சு. சேர்மன் கை மட்டும் அப்படியே நின்னுச்சு.

"யாருடி அது? சொர்ணமா?"

ஈனமா ஒரு குரல். "டீச்சர், இனிமே தண்ணிக்குப் போக வேண்டாம்ல?"

"வேண்டாம்மா."

"அப்போ பள்ளிக்கூடத்துக்கு வரட்டுமா?"

டீச்சருக்கு நெஞ்சே வெடிச்சுப்போச்சு. பயமும் இருந்துச்சு, இல்லாம என்ன? ஆனா வராதேன்னு எந்த டீச்சர் சொல்லுவாங்க? "வாடி"ன்னாங்க. அப்பத்தான் சேர்மன் கையும் இறங்குச்சு.

மறுநாள் பிள்ளைங்களை முன்பெஞ்சுல ஓரமா ஒரு இடம் விட்டு உக்காரச் சொன்னாங்க. எவ்வளவு துடைச்சாலும் அந்த இடம் ஈரமாவே இருந்துச்சாம்.

கதை தண்ணிக்குள்ள முங்கிருச்சு, நீ தூக்கத்துக்குள்ள முங்கு.