வால்பாறையிலிருந்து வர வேண்டியவர்

மாநாடுகளும் கூட்டங்களும் நடத்திக் கொடுப்பது மெஹர்பானுவின் தொழில். தொற்றுக் காலத்தில் கோயம்புத்தூர் மண்டபங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தபோது, திரையிலேயே ஆட்களைக் கூட்டி உட்காரவைக்கக் கற்றுக்கொண்டவள். ஊர் திறந்த பிறகு, பாதிப் பேர் அரங்கிலும் பாதிப் பேர் திரையிலுமாகக் கூட்டம் நடத்த வேண்டுமென்றால் அவளைத்தான் தேடிப்போனார்கள்.

அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தார் சவரிமுத்து. வயதில் அவளைவிட நன்றாக மூத்தவர். பெரிய ஓட்டல் ஒன்றின் விருந்து மண்டபத்துக்கு மேலாளராக இருந்தவர். ஊரடங்கில் மூடிய அந்த ஓட்டல் பிறகு திறக்கவேயில்லை.

வந்து சில வாரங்களில் கேமராவும் கேபிளும் கைக்குப் பழகின. மனசுதான் பழகவில்லை. ஒரு சாயங்காலம் கேட்டேவிட்டார்.

“மேடம், நான் காலம் பூரா வாசல்ல நின்னு கைகூப்பி ஆளுகளை உள்ளே கூப்பிட்டவன். இப்ப வர்றதுல பாதிப் பேர் வாசல் வழியா வர்றதில்லை. நான் எங்கீங்க நிக்கறது?”

மறுநாள் செவிலியர் சங்க மாநாட்டுக்கு ஒத்திகை. அதற்கு அவர் நேரில் வரவேண்டாம், வீட்டிலிருந்தே போனில் பார்த்தால் போதும் என்று மட்டும் மெஹர்பானு சொன்னாள்.

சவரிமுத்து சட்டையை மாற்றிக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்தார். முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவரின் முதுகுதான் தெரிந்தது. யாரோ பேசினார்கள். யாரோ சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று அவருக்குக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்கலாமென்று கையைத் தூக்கினார். யாரும் கவனிக்கவில்லை. காபி இடைவேளை என்று அறிவித்துவிட்டு எல்லாரும் எழுந்து போனார்கள். அவர் காலி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபத்தோடு அலுவலகம் வந்தார்.

“என்ன பார்த்தீங்கண்ணா?” என்று கேட்டாள் மெஹர்பானு.

“ஒருத்தரோட முதுகைப் பார்த்தேன்.”

“யாராச்சும் உங்களை வாங்கன்னு சொன்னாங்களா?”

“இல்லைங்க.”

அவள் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

சவரிமுத்து பின்னாலேயே போய் மூன்று விஷயங்கள் கேட்டார். மேடைக்குப் பக்கத்தில் தனக்கு ஒரு மேசை. அரங்கில் இருப்பவர்களின் முகத்தைக் காட்ட இன்னொரு கேமரா. திரையில் வரப்போகிறவர்களின் போன் நம்பர்கள். ஏன் என்று கேட்காமல் மெஹர்பானு எல்லாவற்றையும் கொடுத்தாள்.

மாநாட்டன்று காலையில் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். திரையில் ஒவ்வொரு முகமாகத் தெரியத் தெரியக் கைகூப்பினார். “வாங்க சிஸ்டர். சாப்பிட்டீங்களா?” என்றார். கம்ப்யூட்டர்ல யாரும் இப்படிக் கேட்டதில்லையே என்று கள்ளக்குறிச்சி செவிலியர் ஒருவர் சிரித்தார். சாப்பிடாதவர்களைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார் சவரிமுத்து.

தொற்றுக்குப் பிறகு செவிலியர்கள் கூடும் முதல் மாநாடு அது. அன்றைய பெரிய விருது குணவதி என்பவருக்கு. வால்பாறையில் ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை. தொற்றுக் காலத்தில் மலைப்பாதை அடைபட்டு டாக்டர் வர முடியாமல்போன நாட்களில், இரண்டு ஆயாக்களை வைத்துக்கொண்டு வார்டு முழுவதையும் காப்பாற்றியவர். மாற்று ஆள் கிடைக்காததால் இப்போதும் அங்கிருந்து நகர முடியவில்லை. அதனால் திரையில் வந்திருந்தார்.

அவர் பெயரைச் சொன்னார்கள். அரங்கு கைதட்டியது. குணவதி வாயைத் திறந்தார். முகம் அப்படியே நின்றது. பிறகு திரை கறுத்தது. மலையில் மழை.

அரங்கில் சலசலப்பு. சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்ததுக்குப் போகலாம் என்று சங்கச் செயலாளர் சைகை காட்டினார். தொகுப்பாளர் அடுத்த பெயரைச் சொல்ல மைக்கை எடுத்தார்.

சவரிமுத்து மேடையேறி அந்த மைக்கை வாங்கினார்.

“வால்பாறையிலிருந்து ஒரு சிஸ்டர் வந்துட்டிருக்காங்க,” என்றார். “வழியில மழை. வந்து சேரட்டும்.”

சலசலப்பு அடங்கியது. அவர் போனில் கூப்பிட்டார். மணி அடிக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். இல்லை. செயலாளர் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். சவரிமுத்து மறுபடியும் கூப்பிட்டார். அரங்கின் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற மெஹர்பானு அவரைத் தடுக்க வரவில்லை.

மணி அடித்தது.

“லைன் போயிருச்சுங்கண்ணா. எனக்காக நிறுத்தாதீங்க, நடத்துங்க,” என்றார் குணவதி.

“எல்லாரும் உங்களுக்காகத்தான் உக்காந்திருக்காங்க சிஸ்டர். பேசுங்க.”

போனை மைக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். குணவதி தன்னைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு ஆயாக்களின் பெயரையும் சொன்னார். தூக்கிக்கொண்டு வரப்பட்ட நோயாளிகள் எல்லாரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள் என்றார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. அவ்வளவுதான் பேச்சு.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். பிறகு எல்லாரும் எழுந்தார்கள். சிறப்பு விருந்தினரும் எழுந்தார். அந்த நேரத்தில் திரையில் படம் திரும்பி வந்தது. சவரிமுத்து ஓடிப்போய்க் கேமராவை அரங்கு முழுக்கத் தெரியும்படி திருப்பினார். தனக்காக எழுந்து நிற்கும் செவிலியர்களைக் குணவதி பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய தோள்களுக்குப் பின்னாலிருந்து இரண்டு ஆயாக்கள் எட்டிப் பார்த்தார்கள். குணவதி அவர்களைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார்.

மந்திரிகளையும் மாப்பிள்ளைகளையும் வரவேற்றுப் பழகிய சவரிமுத்து, அன்றுபோல் என்றைக்கும் நெஞ்சை நிமிர்த்தி நின்றதில்லை.

அரங்கு காலியான பிறகு மெஹர்பானுவிடம் வந்தார். அவள் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மறுமுனையை எடுத்துக் கொடுத்தார்.

“கேக்காம மைக்கை வாங்கிட்டேன்,” என்றார். “செயலாளருக்குக் கோபங்க.”

“போன் கிடைக்கலைன்னா எவ்வளவு நேரம் நின்னிருப்பீங்க?”

“கிடைக்கிற வரைக்கும்.”

அவள் சிரித்தாள். கேபிளைப் பெட்டியில் வைத்தாள்.

சவரிமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டார். “அங்கே நீங்க நின்னிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க மேடம்?”

“அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பேன்ணா,” என்றாள் மெஹர்பானு. பெட்டியை மூடினாள். “இனிமே காத்திருப்பேன்.”