ரிலேயைப் பிடுங்கியவர்

"மாஸ்டர், ஈயம் எடுக்கறதுக்கு எந்தக் கருவிங்க நல்ல கருவி?" என்று கேட்டார் துரைக்கண்ணு.

கேட்ட நேரத்தைப் பாருங்கள்! சர்க்யூட் பலகையிலிருந்து கெட்டுப்போன ரிலே சுவிட்சை எடுக்கச் சொன்னால், மனுஷன் அதைப் பற்றவைத்திருந்த ஈயம் முழுசாக உருகுமுன்னே பிடுங்கிவிட்டார். அடியில் கரண்டு ஓடும் செம்புத் தடமும் பிய்ந்து வந்துவிட்டது. புது ரிலேயை வைத்து, பிய்ந்த இடத்தில் ஈயத்தைப் பூசி மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்கிறார்.

மாஸ்டர் என்றால் ரஷீதா. ரிப்பேர் கடை அவளுடையது. பல வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டிய துரைக்கண்ணு, வயதில் சின்னவளான அவளிடம் வேலை பழக வந்திருந்தார்.

"ஏண்ணே கேக்கறீங்க?"

"இந்தக் கைப்பம்பு சரியா உறிஞ்ச மாட்டேங்குதுங்க. ஈயத்தை இழுக்கற செப்புப் பின்னல் வெச்சா அதுவும் ஒட்டிக்குது. கரண்டுல உறிஞ்சற கன் ஒண்ணு வாங்கிட்டா..."

ரஷீதா ஒரு கழிவுப் பலகையை எடுத்தாள். பழைய ஈயத்தின் மேல் புது ஈயம் கொஞ்சம் உருக்கி வைத்தாள்.

"எடுக்கணும்னா, இன்னும் வைக்கறீங்களே!"

"பழசு லேசுல இளகாதுண்ணே. புதுசு சேந்தா தானா இளகும்."

அதே கைப்பம்பை வைத்து அழுத்தினாள். டக். ஓட்டை சுத்தமாகிவிட்டது.

துரைக்கண்ணுவுக்குக் காது சுட்டது.

அந்த நேரம் பார்த்து பொன்னாத்தா வந்தாள். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருப்பவள். துரைக்கண்ணு பிய்த்த பலகை அந்தப் பெட்டியுடையது.

"ஆச்சுங்களா ரஷீதா கண்ணு? முட்டையெல்லாம் கம்பளியில சுத்தி அடுப்புப் பக்கம் வெச்சிருக்கேன். உள்ள குஞ்சு அசையுது. பொழுது சாஞ்சு குளிர் ஏறுச்சுன்னா அத்தனையும் போச்சு."

ரஷீதா அந்தப் பலகையைப் புரட்டினாள். பூசிய இடத்தில் விரல் நின்றது.



"இன்னும் கொஞ்ச நேரமாகுங்கம்மா," என்றாள் ரஷீதா. "தடம் பிஞ்சுபோச்சு. கம்பி போட்டு இணைக்கணும். என் கடையில நடந்தது, என் தப்புங்க."

பொன்னாத்தா பிடித்துக்கொண்டாள். "உன்னை நம்பித்தானே கொடுத்தேன்? பொறுப்பான புள்ளன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். வாயில்லாத உசுரு கண்ணு அது! இப்படியா பண்ணுவே?"

ரஷீதா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். துரைக்கண்ணு பக்கம் மறந்தும் திரும்பவில்லை. திரும்பி முறைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. சீ, இந்த நரைத்த மீசையை வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறோமே!

"ஆத்தா, அவுங்களைத் திட்டாதீங்க." துரைக்கண்ணு முன்னால் வந்தார். "பிடுங்கினது நானுங்க. பூசி மறைச்சதும் நான்தானுங்க."

பொன்னாத்தா அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ரஷீதா பலகையை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"இப்பச் சொல்லுங்கண்ணே. எந்தக் கருவி வேணும்?"

துரைக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு துண்டு கம்பி போதுங்க, மாஸ்டர்."