சொட்டுகிற குழாய்

இமயமலை அடிவாரத்து மடம் அது. மார்கழி பிறந்தால் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயைக் கரண்டியால் சுரண்டி எடுக்கணும். அங்கே அடுப்படி வேலையெல்லாம் இருளாயிதான். தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர்போன சாயல்குடிப் பக்கத்துக்காரி. மகன் விபத்தில் போன பிறகு மடத்துக்கு வந்தவள்.

மடத்தின் தலைவி குருவம்மா வயதில் அவளுக்கு இளையவர். அன்று சாயங்காலம் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டே இருளாயி கேட்டாள்.

"தாயி, எம் மக போன்ல அழுறா. 'அண்ணன் செத்ததுக்கு நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியாம்மா? உனக்குப் பாசமே இல்லையா?'ங்கறா. நான் அழுதா அவளை யார் தேத்துறதுன்னுதான் அடக்கிக்கிட்டேன். இப்ப அழ நெனச்சாலும் வரமாட்டேங்குது. எம் மனசு கல்லாப் போச்சா?"

குருவம்மா எழுந்து போய்க் குழாயை லேசாகத் திருகினார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"இன்னைக்குக் குளிர் அதிகம். மூடிடாதீங்க, அக்கா."

"சரி, தாயி."

சரி என்றாளே தவிர, அவளால் முடியவில்லை. ஊற்றுத் தண்ணியைக் கொட்டாங்கச்சியில் வழித்து வழித்துக் குடம் நிறைத்த கை அது. ஒவ்வொரு சொட்டும் நெஞ்சில் விழுந்தது. படுக்கப் போகுமுன் இறுக்க மூடிவிட்டாள்.

காலையில் தேநீருக்குத் தண்ணீர் இல்லை. உள்ளே நின்ற தண்ணீர் இரவில் உறைந்து, சுவரோரம் குழாய் நெடுக வெடித்திருந்தது. பிளவில் பனிக்கட்டி பிதுங்கிக்கொண்டு நின்றது.

இருளாயி கையைப் பிசைந்தாள். "சும்மா ஓடுதேன்னு மூடினேன், தாயி. ஒரு சொட்டுகூட வீணாப் போகக்கூடாதுன்னுதான்."

"வீணாப் போகலை அக்கா. குழாய்தான் போச்சு" என்று சிரித்தார் குருவம்மா. "வாங்க, பனியை அள்ளிட்டு வந்து உருக்குவோம்."

மத்தியானம் இருவருமாகப் புதுக் குழாய் பொருத்திச் சாக்கைச் சுற்றிக் கட்டினார்கள். இருட்டுமுன் குருவம்மா ஒரு வாளியைக் கீழே வைத்தார்.

"இப்ப நீங்க திறங்க. வாளியில விழுறது காலையில சோத்துக்கு ஆகும்."

இருளாயி திருகினாள். டொக், டொக் என்று வாளி சத்தம் போட்டது. கேட்டுக்கொண்டே நின்றாள். வழக்கமான நேரத்துக்கு மகளின் போன் வந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

"பாப்பா..." என்றாள் இருளாயி. "அவன் சட்டைய நான் இன்னும் தொவைக்கல பாப்பா..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அழுகை வந்தது. அந்தப் பக்கமும் அதேதான். யாரும் போனை வைக்கவில்லை.

வாளி பாதி நிறைந்திருந்தது. இருளாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள். கண்ணீர் நிற்கிற வழியாக இல்லை.

"இதை எப்ப மூடலாம், தாயி?"

குருவம்மா குழாயைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார்.

"குளிர் விடட்டும், அக்கா."