யானை அடித்த மணி

மருதூர் அரசர் அரண்மனை வாசலில் ஒரு மணியைத் தொங்கவிட்டு, "குறையுள்ளவர் யாரும் அடிக்கலாம், என் நாட்டில் எல்லோரும் சமம்" என்று முரசு அறைவித்தார். கயிற்றை யானை உயரத்தில் கட்டியது மந்திரி ஆதிமூலம்.

கரும்பு விற்கும் சடைச்சி முறையிட வந்தாள். ஆற்றுத் தண்ணீரை மந்திரி தன் தோப்புக்குத் திருப்பிக்கொண்டதால் அவள் தெருவே தவித்தது.

"மணியடித்தால்தான் வழக்கு. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானம்மா," என்று மந்திரி மீசையைத் தடவினார்.

சடைச்சி குதித்துப் பார்த்தாள், எட்டவில்லை. அந்நேரம் ஆற்றில் தண்ணீரில்லாமல் குளிக்காமலே திரும்பியது பட்டத்து யானை. அவள் ஒரு கரும்பைத் தோகையோடு வீசிக் கயிற்றில் மாட்டினாள். யானை பிடித்து இழுக்க, மணி ஊரதிர முழங்கியது.

அரசர் ஓடிவந்தார். "யார் அடித்தது?"

"உங்க யானைதான் மகாராஜா. இந்த நாட்டிலே அதுக்கு மட்டும்தானே எட்டுது! வாயில்லா ஜீவன், அது குறையை நான் சொல்லட்டுமா?"

"சொல்."

"ஆத்துத் தண்ணியெல்லாம் மந்திரி தோப்புக்குப் போகுதாம். குளிக்க வழியில்லையாம். எங்க தெருவுக்குக் குடிக்கவும் இல்லைன்னு சேர்த்துச் சொல்லச் சொல்லுது."

அரசர் சிரித்துவிட்டார். அன்றே வாய்க்கால் ஊருக்குத் திரும்பியது. மணியும் கயிறும் குழந்தைக்கு எட்டுமளவு தாழ இறங்கின.

மறுநாள் தோப்பு காய்கிறதென்று முறையிட ஆதிமூலமே வந்து நின்றார்.

"தாராளமா அடிங்க சாமி," என்றாள் சடைச்சி. "கொஞ்சம் குனியணும், அவ்வளவுதான்."