வேங்கையடியில் ஒரு பச்சைத் தழை

வேங்கைமலை அடிவாரத்தில், பூதத்தானின் டீக்கடையில் கிளாஸ் கழுவிப் பிழைத்தவர் வெயிலுகந்தம்மையார். விடிகிற வேளையில் மட்டும் அவர் கையில் வாரியல் இருக்கும். காட்டுக்குள் மலைமேல் நாதர் சன்னதிவரை போகும் ஒற்றையடிப் பாதையில் உதிர்ந்து கிடக்கும் சருகையெல்லாம் கூட்டித் தள்ளிக்கொண்டே ஏறுவார். "நாதா, இது ஒன் வழி" என்பார். வேறு மந்திரம் அவருக்குத் தெரியாது.

ஏன் இந்தத் தொண்டு என்று கேட்பீர்கள், என் கண்ணுகளா. அவருக்கு ஒரே மகள், பூரணம். அபிஷேகத்துக்குத் தண்ணீர்க்குடம் சுமந்து தாய்க்கு முன்னே ஏறிய பெண், சருகுக்குள் கிடந்த விரியனை மிதித்துவிட்டாள். வழியோரம் நின்ற வேங்கைமரத்தடியில், தாய் மடியிலேயே அவள் உயிர் போயிற்று. குடத்தில் பாதித் தண்ணீர் மிஞ்சியிருந்தது. கூட வந்தவர்களை மகளருகே உட்காரவைத்துவிட்டு, அம்மையார் அதைச் சுமந்துபோய் நாதருக்கு ஊற்றிவிட்டு வந்தார். அன்று அவர் அழவில்லை. காரியம் முடிந்த மறுநாள் வாரியலை எடுத்தார்.

வழியில் ஒருவர் இறந்த இடத்தைக் கடப்பவர்கள் பச்சைத் தழை ஒன்றை ஒடித்துப் போட்டுப் போவது அந்த மலையில் வழக்கம். தழை விழும்வரை அவரை உலகம் மறக்கவில்லை என்று அர்த்தம். பாதை முழுக்க இலையைக் கூட்டித் தள்ளுகிறவர், வேங்கையடிக்கு வந்ததும் தானும் ஒரு தழை போட்டுவிட்டு, வாரியலைத் தூக்கிப் பிடித்தபடி கடந்து போவார்.

"என்ன சித்தி, சிவனுக்கு முனிசிபாலிட்டி வேலையா? சம்பளம் கைலாசத்துல இருந்து வருதோ?" என்று பூதத்தான் நையாண்டி பண்ணுவான்.

"வரட்டும்லே, ஒனக்கும் ஒரு டீ வாங்கித் தாரேன்."

ஒருநாள் காலையில் பார்த்தால், பாதையோர மரங்களிலெல்லாம் சிவப்புப் பொட்டு. வேங்கைக்கும் பொட்டு. அம்மையாருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஈரம் காயாத அந்தச் சிவப்பைத் தொட்டுத் திருநீற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏலே பூதத்தான், மரத்துக்கெல்லாம் நாதரு குங்குமம் வச்சிருக்காருலே! எம்புள்ள எடத்துக்கும்!"

சிரிக்க வாயெடுத்தவனுக்கு அந்த நெற்றியைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. "சித்தி, அது பெயின்டு. காட்டிலாகாக்காரங்க அடிச்சது. இந்த வழியை மூடப்போறாவளாம். எதிர்ச்சரிவுல கோயிலுக்குப் புதுசா நடைபாதை போடுதாவ."

கழுவியும் போகாத அந்தச் சிவப்போடுதான் அம்மையார் கூட்டத்துக்குப் போனார். நடைபாதை எப்படிப் போகவேண்டும் என்று ஊராரைக் கேட்க, ரேஞ்சர் எபநேசர் அடிவார மண்டபத்தில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். ஒருவர் வண்டி நிறுத்த இடம் கேட்டார், ஒருவர் கக்கூஸ் கேட்டார். தன் கடைவாசலில்தான் பாதை தொடங்கவேண்டும் என்றான் பூதத்தான்.

"ஐயா, வேங்கையடியைத் தொட்டுப் போற மாதிரி வழியைக் கொஞ்சம் வளைச்சிருங்க," என்றார் அம்மையார். "எம்மகளுக்குத் தழை போட ஆளு வேணும்."

ரேஞ்சர் தலை குனிந்துகொண்டார். "அது யானை தண்ணிக்கு இறங்குற வழிம்மா. ஆள் நடமாட்டத்துக்குப் பயந்து, குட்டியை வச்சிக்கிட்டு இறங்க முடியாம நிக்குது. அதுக்கு வேற வழியே இல்ல."

"நான் மட்டும்? மாசத்துல ஒரு நாளு?"

"ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும்மா."

அம்மையார் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "குட்டியோட நிக்கிற தாய்க்கு நான் வழிமறிக்க மாட்டேன்யா."

வேலி போடுமுன் கடைசித் தழையைப் போட்டுவிட்டு நாதரிடம் போனார். "எனக்கு இனி வழியில்ல. நீ பாத்துக்க" என்றார். அவ்வளவுதான் வேண்டுதல்.

பிறகு புதுப்பாதையைப் பெருக்கினார். அதில் ஒரு திருப்பத்தில், மலை பார்க்க வருகிறவர்களுக்காகக் கைப்பிடிக் கம்பி போட்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் வேங்கையடி தெரியும். அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடப்பார். மகள் இடத்தில் தழை காய்ந்து கிடப்பதைப் பார்க்க அவருக்கு நெஞ்சுத் துணிவில்லை.

மழை ஓய்ந்த ஒரு காலையில் அந்தத் திருப்பத்தில் "யானை, யானை" என்று கூச்சல். "சத்தம் போடாதீங்க," என்று அதட்டிய ரேஞ்சர், அம்மையாரைக் கைபிடித்துக் கம்பியருகே கொண்டுவந்தார்.

வேங்கையடியில் ஒரு பெண்யானை, காலடியில் குட்டி. அது பச்சைக் கிளையொன்றை ஒடித்தது. தின்னவில்லை. காய்ந்த தழைகளின்மேல் மெதுவாக வைத்தது. துதிக்கையால் ஒருமுறை தடவிக்கொடுத்தது. பிறகு குட்டியை முன்னே விட்டுத் தண்ணீருக்கு இறங்கிப்போயிற்று.

வாரியல் கைநழுவி விழுந்தது. "பூரணம்... ஒனக்குத் தழை விழுந்துட்டுடீ. நாதரே வந்து போட்டுட்டாரு," என்று கம்பியைப் பிடித்தபடி, மகள் செத்த அன்று அழாத அழுகையை அம்மையார் அழுது தீர்த்தார்.

அதன்பிறகும் தினமும் பெருக்கினார். அந்தத் திருப்பத்துக்கு வந்தால் மட்டும் வாரியலைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். தன் வழியை ஒரு தாய்க்கு விட்டுக்கொடுத்த அந்த அம்மையார் கால் பட்ட மண்ணை நாமும் ஒருமுறை தொட்டுக் கும்பிடுவோம், கண்ணுகளா.