புகுந்த வீடு போன பழைய பத்திரிகைகள்

மந்தாரப்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று சுற்று வட்டாரத்தில் சொல்வார்கள். அது நியாயமில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் அவர்கள், அவ்வளவுதான். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் 'இங்கே நிற்கக் கூடாது' என்று பலகை மாட்டியபோது, அதற்குக் கட்டுப்பட்டு ஒருவர்கூட அங்கே நிற்கவில்லை. பாய் விரித்து உட்கார்ந்து சீட்டு ஆடினார்கள்.

அந்த ஊரில் ஒரு படிப்பகம் இருந்தது. உரக்கடை பவுன்ராஜ் அண்ணாச்சியின் அப்பா, சாகிறவரை வாராவாரம் பத்திரிகை வாங்கிப்போட்டு நடத்திய இடம். ஒற்றை அறை, ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, சுவர் மறைய அடுக்கிய பழைய பத்திரிகைகள். வாசலில் ஒரு பலகை. அதில் 'செயலாளர்: சு. தங்கப்பழம், பி.காம்.' என்று நீலப் பெயின்ட்டில் எழுதியிருந்தது.

தங்கப்பழத்துக்கு அந்தப் பலகைதான் உயிர். அவன் வீட்டிலிருந்து முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவன் அவன்தான். வேலை இன்னும் கிடைக்கவில்லை. வீட்டில் அவனை 'ஏலே' என்பார்கள், ரேஷன் கடையில் 'அடுத்த ஆள்' என்பார்கள். அவன் படித்து முடித்ததை இந்த உலகத்தில் ஒப்புக்கொண்ட ஒரே பொருள் அந்தப் பலகை. தினமும் காலையில் ஈரத்துணியால் துடைப்பான். தன் பெயரை மட்டும் துடைத்தால் நாலு பேர் தப்பாகப் பேசுவார்களே என்று, தலைவர் கோமதிநாயகம் பெயரையும் பொருளாளர் சொரிமுத்து பெயரையும் சேர்த்தே துடைப்பான்.

ஆனி மாதம் பிறந்ததும் பவுன்ராஜ் அண்ணாச்சி வந்து நின்றார்.

"ஆடி ஒண்ணாந்தேதி உர லோடு வருது. அன்னைக்கு இங்க பழைய புஸ்தகம் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. காலியா இருந்தா ஒரு ஓரத்தில மூட்டை கிடக்கும், நீங்க பாட்டுக்குப் படிங்க. இல்லேன்னா பலகையைக் கழத்திட்டு ரூம் பூரா மூட்டைதான். எடைக்கு மட்டும் போட்ராதிய, எங்கப்பா ஆசையா வளர்த்தது. நல்ல வீடாப் பாத்துக் குடுங்க."

அவர் போனதும் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நல்ல வீடு எது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, தப்பான வீட்டில் கொடுத்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று தங்கப்பழம் வரிசையாகக் கேட்டான்.

கோமதிநாயகம் வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாம இதுவரைக்கும் நல்ல வீடாப் பாத்து எதைக் குடுத்திருக்கோம்?"

"அக்கா தங்கச்சியத்தான்" என்றான் சொரிமுத்து.

"அப்ப வழி தெரிஞ்சு போச்சு. அதே மாதிரிதான். வளர்த்த மனுசன் போயிட்டாரு. அண்ணன்காரன் பொறுப்பை நம்மகிட்ட விட்டிருக்காரு. பொம்பளப் பிள்ளைகளை எப்படிக் கரையேத்துவோமோ அப்படி ஏத்தணும்."

தங்கப்பழத்துக்குப் பெரிய பாரம் இறங்கியது. முறை தெரிந்த வேலை என்றால் அவனுக்குப் பயமில்லை.

முதலில் ஜாதகம். பிறந்த தேதி அட்டையிலேயே அச்சாகியிருந்ததால் அதில் சிக்கலில்லை. ஜோசியர் பிறந்த நேரம் கேட்டார். காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் என்றான் தங்கப்பழம். பஸ் சரியான நேரத்துக்கு வந்ததா என்று ஜோசியர் கேட்டார். நேர்மையான பையன், தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டான். கண்டக்டரைத் தேடிப்போய்க் கேட்டார்கள். அந்த பஸ் எந்தக் காலத்திலும் சரியான நேரத்துக்கு வந்ததில்லை என்று அவர் சத்தியம் செய்ததால், எல்லாவற்றுக்கும் லக்னத்தை ஒரு கட்டம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

பிறகு வீடு பார்க்கக் கிளம்பினார்கள். தெற்குத்தெரு மரகதம் டீச்சர், "அவ்வளவையும் நானே எடுத்துக்கிடுதேன், இப்பவே குடுங்க" என்றாள். மூன்று பேருக்கும் சந்தேகம் தட்டியது. ஜாதகம் கேட்கவில்லை, என்ன போடுவீர்கள் என்று கேட்கவில்லை, பார்த்தவுடன் சம்மதம் என்கிறாள் என்றால் வீட்டில் ஏதோ கோளாறு. விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லி நகர்ந்தார்கள். டீக்கடைக்காரரோ, வடை மடிக்க ஆகும் என்றார். சொரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவரு வீட்டுக்குப் போனா நம்ம பிள்ளை காலம் பூரா எண்ணெய்ச் சட்டி பக்கத்திலதானா" என்று கேட்டுவிட்டு டீயைக் குடிக்காமலே எழுந்து வந்தான்.

அட்டை கிழிந்தவற்றை எடுத்துப் போனபோது தங்கப்பழம் முதலிலேயே சொல்லிவிடுவான்: "மறைக்க விரும்பல. இவளுக்கு முகத்தில கொஞ்சம் குறை. தொடர்கதையில கடைசி அத்தியாயமும் கிடையாது. ஆனா குணம் தங்கம்." கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். அதைச் சம்மதச் சிரிப்பு என்று கோமதிநாயகம் குறித்துக்கொண்டார்.

இப்படி அலைந்து அலைந்து, ஆனி முடிவதற்குள் ஒவ்வொன்றும் ஒரு வீடு போய்ச் சேர்ந்தது. சமையல் பத்திரிகை மாமியார் இல்லாத வீட்டுக்கு, பக்திப் பத்திரிகை சண்டை இல்லாத வீட்டுக்கு. எல்லாவற்றிலும் மூத்ததான தடித்த தீபாவளி மலரை, விசாரித்ததில் கோளாறு எதுவும் இல்லாத மரகதம் டீச்சருக்கே கொடுத்தார்கள். மூலைக்கு மூலை மஞ்சள் தடவி, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தனுப்பினார்கள். தங்கப்பழம் டீச்சர் வீட்டு வாசலில் நின்று, "செல்லமா வளர்ந்தவ, ஈரக் கையோட தொடாதிங்க" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினான்.

ஆனி கடைசி நாள் சாயங்காலம் படிப்பகம் துடைத்துவிட்டது போல் கிடந்தது. ஒன்றுகூட இல்லை. தங்கப்பழம் பலகையை ஒருமுறை துடைத்துவிட்டு, இனி இது எங்கும் போகாது என்று நிம்மதியாக மூச்சு விட்டான்.

அப்போது சொரிமுத்து சொன்னான்: "நாளைக்கு ஆடி பொறக்குது."

கல்யாணம் ஆன முதல் ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வராவிட்டால் ஊர் என்ன பேசும் என்பது மூவருக்கும் தெரியும்.

"நாளைக்குத்தான அண்ணாச்சி வாராரு. ரூம் காலியா இருக்கணுமே" என்றான் தங்கப்பழம்.

"காலியாத்தான இருக்கு. குடுத்தாச்சு. அவுக இப்ப அடுத்த வீட்டுப் பிள்ளைக. வந்து போற விருந்தாளியையும் கணக்கில சேப்பாங்களா வே" என்றார் கோமதிநாயகம். "அந்தப் பிள்ளைக வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கும். உம்ம பலகைக்காக அதுகளை அழ விடுவீரா?"

தங்கப்பழம் பலகையைப் பார்த்தான். தீபாவளி மலரை நினைத்தான். விடிந்ததும் முதல் ஆளாகத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

பல வீடுகளில் பாதிதான் படித்திருக்கிறோம் என்று தகராறு செய்தார்கள். ஆடி முடிந்ததும் நாங்களே கொண்டுவந்து விடுகிறோம் என்று கோமதிநாயகம் வாக்குக் கொடுத்தார். இன்னும் சில வீடுகளில், பரணில் தூசி படிந்து கிடந்த தங்கள் சொந்தப் பத்திரிகைகளையும் சந்தோஷமாகச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். பெண்ணைத் தனியாகவா அனுப்புவார்கள், நாத்தனாரும் துணைக்கு வருவது முறைதானே என்று இவர்களும் வாங்கிக்கொண்டார்கள்.

பவுன்ராஜ் அண்ணாச்சி லாரியோடு வந்து இறங்கினபோது உள்ளே கால் வைக்க இடமில்லை. பெஞ்சு, ஜன்னல், வாசல்படி என்று எங்கும் பத்திரிகைதான்.

"என்னவே இது? ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"ஒண்ணுகூட இல்ல அண்ணாச்சி" என்றான் தங்கப்பழம் கைகட்டி. "எல்லாத்தையும் நல்ல வீடாப் பாத்துக் குடுத்தாச்சு. இது ஆடிக்கு வந்திருக்காக. இந்தப் பக்கம் அவுக நாத்தனாமாருக."

அண்ணாச்சி லாரிக்காரரிடம் ஸ்பேனர் கேட்டார். பலகையைக் கழற்றத்தான். ஸ்பேனர் வந்தது. தங்கப்பழம் கண்ணை மூடிக்கொண்டான். வழியை மறித்துக் கிடந்த தீபாவளி மலரைத் தூக்கி ஆத்திரத்தோடு அண்ணாச்சி பெஞ்சில் போட்டார். அதற்குள்ளிருந்து, மரகதம் டீச்சர் அடையாளத்துக்குச் செருகியிருந்த இலவச இணைப்பு ஒன்று, உள்ளங்கை அளவு கோலப் புத்தகம், நழுவித் தரையில் விழுந்தது.

கோமதிநாயகம் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"அண்ணாச்சி, நீங்க தாய்மாமன் ஆயிட்டிய."

"ஒரு மாசத்துக்குள்ளயா?" என்று சொரிமுத்து மெல்லக் கேட்டான்.

"பத்திரிகைக்கு நம்மள மாதிரி பத்து மாசக் கணக்கா வே? வாரத்துக்கு ஒண்ணு பொறக்கிற சாதி. இவ வாரக்கணக்கில பொறுத்திருக்கா."

பிள்ளை பெற்ற உடம்பை அங்கே இங்கே அசைக்கக் கூடாது என்றும், தாய் வீட்டிலேயே மூன்று மாதமாவது கிடக்க வேண்டும் என்றும் தங்கப்பழம் எடுத்துச் சொன்னான். அண்ணாச்சி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, லாரியைக் கடைக்கே திருப்பச் சொன்னார். பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார்.

அதற்குள் சொரிமுத்து லாரியிலிருந்து காலி உரச் சாக்கு ஒன்று வாங்கி, மின்விசிறிக் கொக்கியில் கயிறு போட்டுத் தொட்டில் கட்டிவிட்டான். கோலப் புத்தகத்தை அதில் கிடத்தி, கயிற்று நுனியை அண்ணாச்சி கையில் கொடுத்தார்கள். அவர் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கயிற்றை இழுத்துவிட்டார். தொட்டில் ஆடியது. இன்னொரு முறை இழுத்தார்.

"எப்பத்தான்யா இந்த ரூம் காலியாகும்?" என்றார் கடைசியில்.

தங்கப்பழம் உதட்டில் விரல் வைத்தான்.

"மெதுவா அண்ணாச்சி. பிள்ளை இப்பத்தான் கண்ணசந்திருக்கு."