கொப்பளிக்கப் போன பாடகர்

குரு என்றதும் தாடி, கமண்டலம், ஆசிரமம் என்று போய்விட வேண்டாம். இந்தக் குருவின் பெயர் வில்ஃபிரட். பேஸ் கிடார் வாசிப்பவர். நாலு தடித்த கம்பி, அதிகம் பேசாத வாத்தியம். ஆளும் அப்படித்தான்.

'நனைந்த தீப்பெட்டி' என்பது அவருடைய ராக் குழு. சென்னையில் கல்லூரி நாளில் ஆரம்பித்தது. சினிமாவுக்குப் போகவில்லை. எந்தக் கம்பெனி வாசலிலும் கைகட்டி நிற்கவில்லை. சொந்தப் பாட்டு, சொந்தச் செலவு. பாடகர் சசிதரனுக்குத் தாளம் தப்பாமல் பாடக் கற்றுக்கொடுத்தது வில்ஃபிரட்தான். அதனால் சசி அவரைக் கேலியாக 'குருவே' என்று கூப்பிட ஆரம்பித்தார். தலை நரைத்தது. கேலி எப்போதோ போய்விட்டது. பெயர் மட்டும் நின்றது.

பல வருஷம் கழித்து இப்போது ஒரு புது ஆல்பம். சாலிகிராமத்தில் ஸ்டுடியோ. எல்லாம் முடிந்து ஒரே பாட்டு பாக்கி. அதற்கும் வாத்தியங்களைப் பதிந்தாகிவிட்டது. சசி பாட வேண்டியதுதான்.

வாத்தியம் பதியும் முன்பே குரு கேட்டார்.

"என்ன சுருதி வெச்சுக்கலாம்?"

"இது என்ன கேள்வி? முதல் ஆல்பத்துல என்னவோ அதேதான்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? இன்னி வரைக்கும் மேடையில அதுலதானே பாடறேன்?"

குரு தலையாட்டினார். கிடார்காரர் டொமினிக் ஏனோ தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சுருதியில்தான் இன்று வினை வந்தது. பாட்டின் கடைசி வரி உச்சிக்குப் போகிறது. சசி போனார். பாதி வழியில் குரல் உடைந்தது. தண்ணீர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு பாடினார். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுப் பாடினார். நெற்றி நரம்பு புடைத்ததுதான் மிச்சம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் ஃபர்ஹானா பேசினாள்.

"சார், விட்டுடுங்க. எட்டாத சுருதியை நான் மெஷின்ல ஏத்திடறேன். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமேம்மா."

"எல்லாரும் பண்றதுதான் சார். சின்னப் பசங்களுக்கே பண்றேன்."

ஆறுதல் சொல்வதாக அவள் நினைத்துக்கொண்டாள். சசிக்கு அறை வாங்கின மாதிரி இருந்தது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஃபர்ஹானா இருந்த பக்கம் வந்தார். சோபாவில் குரு பட்டர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் டொமினிக்.

"குருவே."

"ம்."

"போன மாசம் கோயம்புத்தூர்ல நம்ம பழைய பாட்டைப் பாடினேன்ல? கடைசி வரியில மேல போய் நின்னேன்ல?"

"நின்ன."

"இதுவும் அதே உயரம்தானே? ஒரு மாசத்துல அந்தக் குரல் எங்க போச்சு?"

குரு பிஸ்கட்டை முடித்தார். சட்டையில் விழுந்த தூளைத் தட்டினார்.

"மெஷின் வெச்சுப் பாடற பொழப்பு எனக்கு வேண்டாம் குருவே. எட்டலன்னா நான் விலகிக்கறேன். வேற ஆளைப் பாத்துக்கங்க."

"ஒவ்வொரு ஆல்பத்துக்கும் இதைத்தான் சொல்றான்" என்றார் டொமினிக்.

"இந்தத் தடவை நிஜம்டா."

சொல்லும்போதே சசிக்குக் கண் கலங்கிவிட்டது.

"போய்க் கொப்பளிச்சுட்டு வா" என்றார் குரு.

அது குழுவின் வழக்கம். உப்பும் மிளகுத்தூளும் போட்ட வெந்நீர். சசிக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு குரு ஏற்படுத்தியது. மேடை ஏறுமுன் சசி மறந்தாலும் குரு மறக்கமாட்டார். துரத்திவிடுவார். தன் குரல் இன்னும் அப்படியே இருப்பதற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று சசி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தொண்டை கட்டியவர் யாரைப் பார்த்தாலும் சிபாரிசு வேறு.

"அட, இன்னிக்கு அதை மறந்தே போயிட்டேன் பாரு!"

முகமே மாறிவிட்டது. கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினார். ஸ்டுடியோவின் கனத்த கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

திரும்பி வந்தபோது குருவும் டொமினிக்கும் கிடாரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"பழசைப் பாடு."

சசி பாடினார். கடைசி வரி வந்தது. குரல் மேலே போய், பழகின கிளையில் காக்கை உட்காருவது போல அலுங்காமல் உட்கார்ந்தது.

"பாத்தியாம்மா! எல்லாம் உப்புத் தண்ணி! இப்பப் போடு அந்தப் புதுசை!"

ஃபர்ஹானா பதிந்து வைத்திருந்ததை ஓடவிட்டாள். சசி பாடினார். அதே இடம். அதே உடைசல்.

சசி கெட்டிலைப் பார்த்தார்.

"உப்பு பத்தலையோ?"

டொமினிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னொரு தடவை கொப்பளிச்சுட்டு வா" என்றார் குரு.

"இப்பதானே குருவே..."

"போடா. இந்தத் தடவை கதவைச் சாத்தாத."

சசி போனார். ஒரு வாய் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அண்ணாந்தார். திறந்த கதவு வழியாகப் பழைய பாட்டின் ஆரம்பம் கேட்டது. திரும்பிப் பார்த்தார்.

குருவின் கை கிடாரின் தலையில் இருந்தது. ஒவ்வொரு திருகாக முறுக்கிக் கம்பியை ஏற்றினார். ஏற்றி, அந்த ஆரம்பத்தை வாசித்தார். பிறகு ஒவ்வொரு திருகாகத் தளர்த்தினார். மறுபடியும் அதையே வாசித்தார். அதே பாட்டு. ஒரு படி கீழே.

சசி வாயிலிருந்த உப்புத் தண்ணீரை அப்படியே விழுங்கிவிட்டார்.

உள்ளே வந்து கதவோரமாகவே நின்றார்.

"எவ்வளவு நாளா?"

"உன் ஆபரேஷன்லேர்ந்து."

"முதல்ல அரைக் கட்டை இறக்கினோம்" என்றார் டொமினிக். "அப்புறம் இன்னொரு அரை. நீ சீக்கிரமா கொப்பளிச்சுட்டு வந்துடற. கம்பி இறக்க நேரம் பத்தல. அதான் மிளகுத்தூளும் சேத்தோம். இருமிட்டு வருவல்ல?"

சசி சிரிக்கவில்லை.

"இத்தனை வருஷமா என்னை ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமா" என்றார் குரு.

"அப்போ இதுலயும் ஏமாத்தியிருக்க வேண்டியதுதானே? எதுக்கு என்னை உள்ள நிக்க வெச்சு அசிங்கப்படுத்தின?"

"மேடையில பாடினது அன்னியோட போச்சு. இது உன் பேர்ல நிக்கும். உன்னைக் கேக்காம இறக்க மனசு வரல. கேட்டேன். நீ பழைய சுருதின்ன."

சசி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஃபர்ஹானா, மெஷின்லயே ஏத்திடும்மா. இத்தனை நாள் பொய்யாத்தான் நின்னிருக்கேன். இன்னொரு பொய் என்ன? ஆல்பம் வரட்டும். அதோட நான் நிறுத்திக்கறேன்."

"சார், வாத்தியத்தை வேணா இறக்கித் திரும்பப் பதியலாமே?"

"வேண்டாம்மா. சசிதரன் கீழ இறங்கிட்டான்னு ஊரே சொல்லும்."

ஃபர்ஹானாவின் கை மவுசின் மேல் இருந்தது. கண் குருவின் மேல் இருந்தது.

குரு கேட்டார்.

"கோயம்புத்தூர்ல அந்தக் கடைசி வரியை யாருடா பாடினது?"

"நான்தான்."

"நீ மட்டுமா?"

"இல்ல. மொத்தக் கூட்டமும் பாடிச்சு. என் குரல் எனக்கே கேக்கல. மைக்கை அவங்க பக்கம் திருப்பிட்டேன்."

"ஆரம்ப நாள்ல?"

சசி யோசித்துப் பார்த்தார். அந்த நாளில் கூட்டம் ஆடும், விசிலடிக்கும், கூடவே கத்தும். அந்த வரி வந்தால் மட்டும் அடங்கிவிடும். அங்கே அவர் ஒருத்தர்தான் நிற்பார்.

"அந்த வரியைப் பாட மாட்டாங்க. வாயைப் பொளந்து பாத்துட்டு நிப்பாங்க."

"ஏன்?"

"அவ்வளவு மேல... அவங்களுக்கு எட்டாது."

குரு கிடாரை மடியில் சரியாக வைத்துக்கொண்டார்.

"இப்ப எட்டுது."

சசி எழுந்தார். ஃபர்ஹானாவின் கையிலிருந்த மவுசை எடுத்துத் தள்ளி வைத்தார். "வாத்தியத்தை இறக்கியே பதியலாம்மா."